முழங்கையால் வாசித்தவள்

டோக்கியோவில் ஒரு காலத்தில் நோபுகோவுக்குப் பெயர் இருந்தது. பியானோவை முஷ்டியாலும் முழங்கையாலும் அடித்து ஜாஸ் வாசிக்கும் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பிறகு ட்ரம்ஸ் வாசித்த கியூபெக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடாவின் மொன்றியலுக்கு வந்தாள். நான்கே வருடத்தில் அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவளுடைய இசை இங்கே ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. 1986இல், ஐம்பத்திரண்டு வயதில், டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் தேநீர் குடிப்பவர்களின் பேச்சைக் குழப்பாத மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே கோப்பை கழுவிய வலன்ரைன் மட்டக்களப்பிலிருந்து வந்த அகதி. அவ்வப்போது சமையலறைக் கதவோரம் நின்று அவள் வாசிப்பதைக் கேட்பான். ஒருநாள் கண் சிவந்து வந்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான்.

“மிஸ், ஊரில என்ட தம்பிய ஆமிக்காரனுகள் சுட்டுப்போட்டானுகள். உடம்பையும் தரல்ல. ஞாயிறு லாசால் பக்கம் கத்தோலிக்கக் கோயில்ல அவனுக்காகப் பூசை வைக்கிறம். நீங்க வந்து வாசிக்க வேணும்.”

“என்ன வாசிக்க?”

“உங்கட விருப்பம்.”

பத்து வருடமாக அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்று நாள் வீட்டில் பழகினாள். கீழ்வீட்டுக்காரன் தும்புத்தடித் துடைப்பத்தால் உட்கூரையைத் தட்டினான். அவள் நிறுத்தவில்லை.

ஞாயிறு, பூசை முடியும் வேளையில் கோயில் பியானோவில் தொடங்கினாள். புதைக்க உடல் இல்லாத சாவுக்கு வேறெப்படி வாசிப்பது? முஷ்டி இறங்கியது. கீழ்ச்சுரங்கள் உறுமின. அவற்றுக்கு மேலே ஒற்றைச் சுரம் திரும்பத் திரும்பக் கதறியது. வாழ்நாளில் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு குழந்தை வீரிட்டது. வலன்ரைனின் மனைவி சிசிலி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வலன்ரைன் வந்து நோபுகோவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“போதும் மிஸ். இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்த நாங்க.”

“உங்கள் தம்பிக்காகத்தான்...”

“தெரியும் மிஸ். எங்களுக்கு அழுறதுக்கு ஒரு பாட்டு வேணும். சும்மா ஒரு பாட்டு.”

கோயில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தான். ஹோட்டலில் வாசிப்பதுபோலவே மெதுவாக, பிசகில்லாமல் வாசித்தாள். சனம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. சிசிலியும் உள்ளே வந்து அழுதாள். பிறகு ஒவ்வொருவராக வந்து நோபுகோவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

பஸ் தரிப்பிடம்வரை வலன்ரைன் கூட வந்தான்.

“கோவமா மிஸ்?”

“இல்லை,” என்றாள். உண்மைதான். கோபப்படக்கூட அவளிடம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அந்த வாரமே வீட்டுப் பியானோவை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அது நின்ற சுவரோரம், உடுப்புக் காயப்போட ஒரு கொடி கட்டிக்கொண்டாள்.