சதுரத்துக்கு வெளியே நின்ற தங்கமணி

கொச்சியில் அந்த வருஷம் சதுரப் படம் எடுக்காதவன் இயக்குநரே இல்லை. யாரோ ஒருவன் நாலுக்கு மூணு என்ற அளவில், ஏறக்குறையச் சதுரமாக ஒரு படம் எடுத்து வெளிநாட்டு விழாவில் பரிசு வாங்கிவிட்டான். அவ்வளவுதான். மட்டாஞ்சேரி டீக்கடைகளில் தாடி வைத்தவர்கள் எல்லாம் விரல்களால் சதுரம் பிடித்து உலகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சிலர் டீக்குக் கடிக்க வந்த பழம்பொரியைக்கூட அப்படித்தான் பார்த்தார்கள்.

சுகதன் தாமதமாக விழித்தவன். அவனுடைய படம் அகலத் திரைக்கென்றே எடுத்து முடிந்திருந்தது. திருச்சூர் விழாவுக்கு அனுப்பக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக் கெடு. காலை பத்து மணிக்கு வந்து எடிட்டர் ஷெர்லியிடம் சொன்னான்:

"ரெண்டு பக்கமும் வெட்டிடு. சதுரமாப் போகட்டும்."

"கடைசி ஷாட்டை என்ன பண்றது, சுகதேட்டா?"

கடைசி ஷாட்டில் காயல். இடது ஓரத்தில், இடுப்பளவு தண்ணீரில் அம்மா. வலது ஓரத்தில், வள்ளத்தில் பிரிந்து போகும் மகன். நடுவில் வெறும் நீர். அம்மாவாக நடித்த தங்கமணி வைப்பின் தீவில் மீன் விற்பவள். கேமரா முன் நின்றது அதுவே முதல் தடவை. அந்த ஒரு முகத்துக்காகத்தான் ஷெர்லி எட்டு மாதம் இந்தப் படத்தையும் இதன் இயக்குநரையும் பொறுத்துக்கொண்டாள்.

"அம்மா போகட்டும், மகனும் போகட்டும். தண்ணி மட்டும் போதும். இல்லாமைதான் இருப்பு."

"அப்ப படமே இல்லாம இருந்தா இன்னும் நல்லாருக்குமே!"

இந்த மாதிரிப் பேச்சு சுகதனின் காதுவரை போகாது.

அனுப்புவதற்கு முன் நடித்தவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவது வழக்கம். மதியம் தங்கமணி காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஷெர்லி வெட்டிய சதுரப் படம் ஓடியது. கடைசியில் தண்ணீர் அலைந்தது. முடிந்தது. அவள் சுகதன் பக்கம் திரும்பினாள்.

"மோனே, நான் எங்கே?"

"நீங்க ஃபிரேமுக்கு வெளியே நிக்கறீங்க சேச்சி. பார்க்கறவன் உங்களை உணர்வான்."

"பதினோரு நாள் விடியக்காலைக் குளிர்ல நின்னேன். காலெல்லாம் சேத்துப்புண்ணு. இல்லாம நிக்கறதுக்கா? அதை என் வீட்டிலேயே நின்னிருப்பேனே! ரெண்டு கூடை மத்தியும் வித்திருக்கும்."

"இது கலை. உங்களுக்குப் புரியாது."

"தலையையும் வாலையும் வெட்டி எறிஞ்சா நடுத்துண்டாவது மிஞ்சும். நீ வெறும் சட்டியை நீட்டறே!" அவள் எழுந்து ஷெர்லியின் தோளைத் தொட்டாள். குரல் இறங்கியிருந்தது. "சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், மோளே."

சுகதன் இயக்குநர் குறிப்பு எழுத டீக்கடைக்கு இறங்கிப் போனான். மூன்று மணி நேரம் எழுதினான். தலைப்பு: 'சதுரம் எனும் மூச்சுத்திணறல்'.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஷெர்லி விண்ணப்பத்தில் திரை அளவு கேட்ட கட்டத்தில் சுகதன் சொன்னபடியே நாலுக்கு மூணு என்று போட்டாள். குறிப்பை ஒரு எழுத்து மாற்றாமல் சேர்த்தாள். பிறகு பழைய அகலப் படத்தை அனுப்பினாள்.

படம் தேர்வாகி, குறிப்பு விழா மலரில் அச்சாகி, அரங்கில் எல்லோரும் அதைப் படித்துவிட்டே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் தங்கமணி; ஒரு பக்கம் ஷெர்லி, மறுபக்கம் சந்தைக்காரிகள் ஆறு பேர். முதல் காட்சியே திரை முழுக்க விரிந்ததும் பின்சுவரில் சாய்ந்து நின்ற சுகதன் நிமிர்ந்தான். இருட்டில் ஷெர்லியைத் தேடி முறைத்தான். ஷெர்லி திரையையே பார்த்தாள்.

கடைசியில் காயல் வந்தது. இடது ஓரத்தில் தங்கமணி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நின்றாள். சந்தைக்காரி ஒருத்தி, "எடீ, நீ தானேடீ!" என்று கத்தியே விட்டாள்.

விளக்கு எரிந்ததும் சணல் பை மாட்டிய விமர்சகர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அந்த அம்மா இந்தச் சதுரத்துக்குள்ள அடைபட்டு நிக்கறாங்களே, எனக்கு மூச்சே முட்டிடுச்சு!"

அரங்கம் கைதட்டியது. சுகதன் அகலமான வெள்ளைத் திரையைப் பார்த்தான். விமர்சகரைப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

"அதுதான் என் நோக்கம்."

தங்கமணி ஷெர்லி பக்கம் சாய்ந்தாள். "சதுரம்னா என்ன மோளே?"

"பேசாம கைதட்டு வாங்கிக்கோங்க சேச்சி. இங்க யாருக்கும் தெரியாது."