தலை எது, கால் எது

மூன்றாவது துண்டையும் நான்காவது துண்டையும் மேசைமேல் நீளவாக்கில், ஒன்றின் காலை ஒட்டி இன்னொன்றின் தலை வரும்படி வைத்துவிட்டு, கேமராவைச் சரிசெய்யக் குனிந்த மண்ணு மாப்பிள்ளை குனிந்தபடியே நின்றுவிட்டார். குளிரறையில் நான்கு டிகிரி. ஆனாலும் ஸ்வெட்டருக்குள் அவருக்கு வியர்த்தது.

மண்ணு மாப்பிள்ளை என்பது மனைவி வீட்டார் வைத்த பெயர். பேங்க் மாப்பிள்ளை, மருந்துக்கடை மாப்பிள்ளை என்ற வரிசையில் மூன்றாவதாக வந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள், பாவம். கடலடி மண்ணைக் காவல் காப்பதுதான் அவருடைய வேலை. நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இரும்புக் குழாயை இறக்கிக் குத்தி உருவினால், உள்ளே மண் ஒரு நீளத் தூணாக ஏறி வரும். அதற்குக் கோர் என்று பெயர். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக ரம்பத்தால் அறுத்து, ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து, பிளாஸ்டிக் தட்டில் கிடத்திக் குளிரில் வைக்க வேண்டும். அந்த ஆழத்தில் ஒரு விரற்கடை மண் படிய ஆயிரம் வருஷம் ஆகுமாம். கடல் எப்போது குளிர்ந்தது, எந்த உயிர் எப்போது ஒழிந்தது என்று படித்தவர்கள் வந்து அதில் படித்துச் சொல்வார்கள். படிக்க ஒரே நிபந்தனை, எது மேல், எது கீழ் என்று தெரிந்திருக்க வேண்டும். மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி. வேலை செய்கிறவர்கள் பேச்சில் நீலம் தலை, வெள்ளை கால்.

பழைய கோர்களையெல்லாம் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததால்தான் இந்தத் துண்டுகள் பதினான்கு வருஷம் கழித்து மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. மூன்றாவது துண்டின் காலில் அரை விரல் கனத்துக்கு எரிமலைச் சாம்பல், கரும்பட்டையாக. நான்காவது துண்டின் காலிலும் அதே போல அரை விரல் சாம்பல். இரண்டு வெடிப்பு, நடுவில் எண்பதாயிரம் வருஷம். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் இரண்டு வெடிப்பும் சரியாக ரம்பம் போன இடத்திலேயேவா வந்து விழும்? ரம்பத்துக்கு அவ்வளவு ராசி கிடையாது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சாம்பல் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும், அதனால் அதன் அடிக்கோடு கத்தியால் கீறியதுபோல இருக்கும். மேல்கோட்டைப் புழுக்கள் கிண்டிக் கலைத்திருக்கும். நான்காவது துண்டில் மேல்கோடு கூர்மையாக இருந்தது. அப்படியானால் அது மேல்கோடே இல்லை. துண்டு தலைகீழாகக் கிடக்கிறது. திருப்பிப் போட்டால் இந்த அரை விரலும் அந்த அரை விரலும் சேர்ந்து ஒரு விரல். வெடித்தது ஒரே மலை, ஒரே தடவை.

பிளந்த தேதி தட்டின் ஓரச் சீட்டில் இருந்தது, அவர் கையெழுத்தில். அந்தத் தேதியை அவர் எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வார். மகள் பிறந்த நாள்.

வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம் அது. மூடிகளைக் கழற்றி, வெளிக்குழாயை ஈரத்துணியால் துடைத்து, துண்டைப் பிளந்து வைத்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. துணியை எங்கே போட்டார், மூடியை எங்கே வைத்தார் என்று யாருக்குத் தெரியும். தலைகால் புரியாத சந்தோஷம் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்றாம் நாள் இனிப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே இரண்டு பாதிகளுக்கும் மூடி போட்டிருக்கிறார். எது மேல் என்று காட்டக் குழாயில் போட்டிருந்த அம்புக்குறி ஈரத்துணியோடு போயிருந்தது. தலைக்குக் காலும் காலுக்குத் தலையும் மாட்டி, எண்பதாயிரம் வருஷத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அன்று மதியம் எல்லாருக்கும் டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கோரைப் படித்துப் பெயர் வாங்கியவர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. மாப்பிள்ளைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. முதல் வெடிப்பில் கடலின் நுண்ணிய சிப்பி உயிர்கள் ஏறக்குறைய ஒழிந்துபோயின, பிறகு மெல்ல மெல்லப் பெருகின, இரண்டாவது வெடிப்பு வரும்போது பழையபடி நிறைந்திருந்தன. கடல் தானாகவே ஆறும் என்று மச்சான் சொன்னார். உலகமே கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. மகளின் பாடப்புத்தகத்தில்கூட நாலு வரி வந்திருக்கிறது. வீட்டில் செல்லமாக அவரை ‘ரெண்டு மலை’ என்றே கூப்பிடுவார்கள். துண்டைத் திருப்பினால் கதையும் திரும்பும். நிறைந்திருந்த உயிர்கள் மலை வெடிக்கும் முன்பே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்திருக்கின்றன. எதனால் என்று யாருக்கும் தெரியாது. மலை கடைசியில் வந்து பழியை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

பேசாமல் இருந்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கும்போது ஒன்றரை மீட்டர் மண்ணையா மறைக்க முடியாது? ஆனால் அடுத்த மாதம் ஒரு கப்பல் புறப்படுகிறது. இரண்டாவது மலை எங்கே இருந்தது என்று தேட, நாற்பது பேரோடு, மச்சான் தலைமையில். இல்லாத மலையைத் தேடி.

மறுநாள் காலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“யாருக்குங்க தெரியப் போகுது? பதினாலு வருஷமா தெரியலையே.”

“எனக்குத் தெரிஞ்சிருச்சே.”

“அவன் பேரு என்னாகும்? உங்க வேலை என்னாகும்?”

அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

“மூச்சு வாங்க ஓடி வந்து நின்னீங்களே, ஞாபகமிருக்கா? கையெல்லாம் சேறு. நர்சு குழந்தைய உங்ககிட்ட குடுக்கவே மாட்டேன்னுட்டா.” சிரிப்பு வந்த வேகத்திலேயே போயிற்று. “நாற்பது பேரக் கூட்டிக்கிட்டுப் போயி அவன் அங்க நின்னு அவமானப்படுறதவிட, இங்கயே உங்க வாயால கேட்டுக்கட்டும். ஆனா பாப்பாகிட்ட மட்டும் தேதியச் சொல்லிடாதீங்க. அது மனசுல வச்சுக்கும்.”

மச்சானுக்குப் போன் செய்தபோது, “ஒரு தடவ வந்துட்டுப் போங்க மச்சான்” என்பதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை.

மச்சான் மூன்று மணிக்கு வந்தார், கையில் கப்பலுக்கு வேண்டிய சாமான் பட்டியலோடு. குளிரறைக் கதவருகே தொங்கிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே, “என்ன அத்தான், பூட்டு கீட்டு ஒடைஞ்சிருச்சா?” என்றார். மாப்பிள்ளை மூன்றையும் நான்கையும் காட்டினார். விரலால் முதல் சாம்பலைத் தொட்டார், பிறகு இரண்டாவதை, பிறகு அதன் கூர்மையான கோட்டை. விளக்கிச் சொல்ல நேற்றிரவு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. மச்சான் குனிந்தார். நெற்றி தட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

“நான்தான் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “மூடிய மாத்திப் போட்டது நான்தான். நீங்க வாங்கிக் குடுத்த வேலையில உங்க தலையிலயே கல்லத் தூக்கிப் போட்டுட்டேன்.” சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றவும் வெட்கமாக இருந்தது.

மச்சான் ஓரச் சீட்டை நிமிர்த்தித் தேதியைப் படித்தார். உதடு மெல்ல அசைந்தது. கோபப்பட்டிருந்தால் மாப்பிள்ளைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாப்பா பொறந்த அன்னிக்கு.”

“ஆமா.”

“போன் பண்ணது யாருன்னு ஞாபகமிருக்கா அத்தான்?”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னுக்கிட்டு, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வாங்கன்னு கத்தினேன்.” மச்சான் சாமான் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரெண்டும் ஏன் ரம்பத்துக்கிட்டயே வருதுன்னு நான் கேட்டிருக்கணும். கேட்கல. கதை நல்லாருந்துச்சு.”

மச்சான் இத்தனை வருஷம் மேடை மேடையாகச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல், மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மச்சான் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு நான்காவது துண்டின் ஒரு முனைக்குப் போனார்.

“பிடிங்க. திருப்பிப் பாத்துடலாம்.”

ஈர மண் கனம். ஒரு பக்கம் தாழ்ந்தாலும் நடுவில் விரிசல் விட்டுவிடும். தூங்குகிற பிள்ளையைப் படுக்கை மாற்றுவதுபோல இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தூக்கி, மேசையைச் சுற்றி எதிரெதிராக நடந்து, இடம் மாறி நின்றார்கள். மாப்பிள்ளையின் பக்கம்தான் சாம்பல் இருந்தது. அவர் அதை மூன்றாவது துண்டின் காலருகே மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். மயிரிழை இடைவெளி இருக்கும்போது மச்சானின் பையில் போன் அடிக்கத் தொடங்கியது.

“கப்பல்லேருந்தா இருக்கும்” என்றார் மாப்பிள்ளை.

“அடிக்கட்டும். நீங்க உங்க பக்கத்த விட்டுடாதீங்க அத்தான்.”

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இருவர் கைகளும் தட்டிலேயே இருந்தன. மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளினார். சாம்பல் சாம்பலோடு போய்ச் சேர்ந்தது. என்றோ ஒரு புழு குடைந்துகொண்டு போய், மூன்றாவது துண்டின் ஓரத்தில் நின்றுபோயிருந்த வளை, நான்காவது துண்டுக்குள் நூல் பிசகாமல் தொடர்ந்து இறங்கியது.