பந்தலுக்கு லைற் போட்ட பாஸ்

தாலி கட்டுகிற நேரத்தில் நாகேஸ்வரியை எங்கே வைப்பது என்று அவளுடைய தமையன் ஆழ்வாப்பிள்ளை வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி பக்கத்திலேயே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் அவள் பெற்ற மகள் மகாதேவிக்குத்தான். ஆனால் பெற்றவள் புருசனைப் பறிகொடுத்தவள். அப்படிப்பட்டவளின் முகத்தில் மாப்பிள்ளை முழித்தால் என்ன ஆகும் என்பது கரவெட்டியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அரிசி மூட்டைக்கு இடம் பார்த்தாயிற்று, அடுப்புக்கு இடம் பார்த்தாயிற்று, மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான்.

அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்திவிட்டால் சோலி முடிந்தது என்றாள் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி பத்மாசினி.

நாகேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். "நான் எட்டத்திலை, தூணோடை நிண்டு பாக்கிறன் அண்ணை. தாலி ஏறுறதை ஒருக்கால் பாத்தால் காணும், அது போதும்."

"மாப்பிள்ளை முழிக்கிற முழுவியளத்துக்குக் கூடாது, நாகேசு," என்றார் ஆழ்வாப்பிள்ளை. " பெத்த பிள்ளைக்கு நீயே கேடு நினைப்பியே?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தாயாலும் பதில் சொல்ல முடியாது. வழக்கத்தை உண்டாக்கியவர்கள் அதையும் யோசித்துத்தான் உண்டாக்கியிருப்பார்கள். நாகேஸ்வரி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். கண்ணீர் வந்ததற்குக் காரணம் கேட்பார் இல்லாதது மட்டும் வசதியாக இருந்தது.

அவளுடைய விசயம் அத்தோடு தீர்ந்தது. தீராதது லைற் விசயம். மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராசா சாவகச்சேரிப் பட்டணத்து ஆள். வீட்டில் கறன்ற் வந்ததிலிருந்து இருட்டைக் கண்டால் அவருக்கு ஒரு இளக்காரம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் என் மகன் மணவறை ஏறமாட்டான் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். கரவெட்டிக்கும் கறன்ற் வந்திருந்ததுதான், ஆனால் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. இவர்களுடைய சின்ன ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. லைற் மிசின் வாடகைக்கு விடுகிற எல்லோரையும் அந்த முகூர்த்தத்துக்கு வேறு கலியாண வீட்டார் முந்திக்கொண்டு பேசிவிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு, கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடந்த தில்லைநாதனின் மிசின் திடீரென்று ஞாபகம் வந்தது.

தில்லைநாதன்தான் நாகேஸ்வரியின் புருசன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளத்தார் ஏலம் விட்ட பெற்றோல் மிசின் ஒன்றை வாங்கி, கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் லைற் போட்டுக் குடும்பத்தை நடத்தியவர். ஊருக்கு லைற்காரர் அவர். வீட்டுக்குள் மிசினைக் கழற்றிப் பூட்டியதில் பாதி அவள். அவருக்குக் கிட்டத்துப் பார்வை மட்டம். சின்னத் துவாரம், மெல்லிய கம்பி என்றால் உடனே அவளைக் கூப்பிடுவார். அவர் செத்த பிறகு மிசினைத் தொடுவாரில்லை. அதுவும் அவளும் ஒரே நாளில் மூலைக்குப் போனவர்கள்.

"திருத்த ஏலுமோ?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார். அவர் தங்கையிடம் ஒன்றைக் கேட்டுக் கனகாலம்.

"பாப்பம்," என்றாள் அவள்.

மிசின் அசைய மறுத்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து விட்டு ஊறப் போட்டாள். தாங்கியின் அடியில் மிஞ்சிக் கிடந்த பழைய பெற்றோல் பிசினாகியிருந்தது. அதைக் கழுவி ஊற்றினாள். காபரேற்றரைப் பிரித்து, ஊசித் துவாரத்தில் அடைத்திருந்த பிசினைச் சைக்கிள் பிறேக் கம்பியின் ஒற்றை இழையால் குத்திக் குத்தி எடுத்தாள். நெருப்புப் பொறி எழும்ப வேண்டிய முனைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றை எமரித் தாளால் தேய்த்து மினுக்கினாள். எலி கடித்த வயரை மாற்றினாள். கடைசியில் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளியபோது, அது முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. புருசன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு யாரும் பார்த்தார்களோ என்று வாசலைப் பார்த்தாள்.

இனி இழுத்து ஓடவிட வேண்டியதுதான். அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. கலியாண வேலையில் முதற்கை சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்றாள் பத்மாசினி. தாங்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். மிசின் ஒரு இருமல் இருமி, கயிற்றை எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தது. சுமங்கலி பொத்தென்று நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு மணிக்கட்டைத் தேய்த்தபடி, தொட்டுக் கொடுத்தால் போதும் என்று சாத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவள் தொட்டுக் கொடுத்த கயிற்றை நாகேஸ்வரி சுற்றி இழுத்தாள். மிசின் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

ஓடியதே தவிர பல்ப் எரியவில்லை. ஆழ்வாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். நாகேஸ்வரி பதறவில்லை. கனகாலம் சும்மா கிடந்த மிசின் கறன்ற் உண்டாக்க மறந்துபோகும், அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று தில்லைநாதன் சொல்லுவார். சந்தியில் நின்ற வாடகைக் காரின் பற்றரியைக் கேட்டு வாங்கி, இரண்டு வயரால் மிசினுக்கு ஒரு கணம் தொடுத்து எடுத்தாள். மறுபடி இழுத்தபோது பந்தல் முழுக்கப் பட்டப்பகலானது.

கலியாணத்துக்கு முதல்நாள் ஏற்பாடுகளைப் பார்க்கத் தியாகராசா வந்தார். பல்ப் எல்லாம் எரிவதைக் கண்டு வாயைப் பிளந்தார். எந்தப் பாஸ் செய்தது என்று கேட்டார். மிசின் வேலை தெரிந்தவரைப் பாஸ் என்பதுதான் வழக்கம், பாஸ் என்றால் ஆம்பிளை என்பதும் வழக்கம். தாலியறுத்தவள் கைபட்ட வெளிச்சம் என்று சொல்ல ஆழ்வாப்பிள்ளைக்கு நா எழவில்லை. ஆனால் பொய் சொல்வதில் மட்டும் மனுசன் தாராளம்.

"வல்வெட்டித்துறையிலையிருந்து ஒரு எஞ்சின் பாஸ். இஞ்சையே தங்கி நிண்டு செய்தவர். வீட்டிலை பாத்திருக்க ஆளில்லை, பெண்சாதி செத்த மனுசன்."

தியாகராசாவின் முகம் இளகியது. அவரும் பெண்சாதியைப் பறிகொடுத்தவர்தான். அதற்காக அவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று கரவெட்டியிலும் சாவகச்சேரியிலும் ஒருவரும் சொன்னதில்லை. முன்வரிசையில் நடுக் கதிரை அவருக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்தது.

"பாவம், என்னைப்போலை ஒரு சீவன். அந்தாளைக் கட்டாயம் நிப்பாட்டுங்கோ. தாலிக்கு முன்னம் சபையிலை வைச்சுச் சால்வை போடுறன்," என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நாகேஸ்வரிக்கு இதெல்லாம் கேட்டது. தன் வேலையைக் களவெடுத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இல்லாத ஒருவனுடைய செத்துப்போன பெண்சாதிக்காக இவர்கள் பட்ட இரக்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கலியாணத்தன்று பொழுதுபட, மிசினைப் பின்வளவில் கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். மிசினுக்கு ஒரு ஆள் காவல் வேண்டும், நாகேஸ்வரிக்கு ஒரு மறைவிடம் வேண்டும். இரண்டு பிரச்சினையும் ஒரே இடத்தில் தீர்ந்ததில் ஆழ்வாப்பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. தென்னோலைக் கிடுகு வேலிக்குப் பின்னால், பழைய வெள்ளைச் சீலையில், அவள் மிசினோடு மிசினாக இருந்தாள். மேளம் மட்டும் கேட்டது.

தாலிக்கு நேரம் நெருங்கியபோது பத்மாசினி ஓடிவந்தாள். சம்பந்தி சால்வையோடு எழும்பி நின்றுகொண்டு பாஸைக் கூப்பிடச் சொல்கிறாராம். கூச்சக்காரன், வரமாட்டான் என்று சொல்லிப் பார்த்தாயிற்றாம். கேட்கிறார் இல்லையாம்.

"பின்வளவிலை நிக்கிற ஆரும் ஒரு ஆம்பிளையைப் பிடிச்சு அனுப்புங்கோ மச்சாள். பாஸ் எண்டு சொல்லி, சால்வையை வாங்கிக்கொண்டு போகட்டும்," என்று பத்மாசினி கெஞ்சினாள்.

நாகேஸ்வரி தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்து, நிறையப் பெற்றோல் விட்டு மூடினாள். கையைச் சாக்கில் துடைத்தாள்.

"பாஸ் வாறார் எண்டு போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

பத்மாசினிக்கு விளங்குவதற்குள் அவள் வேலியைக் கடந்துவிட்டாள். வெள்ளைச் சீலையும் எண்ணெய்க் கறையுமாக அவள் பந்தலுக்குள் நுழைந்தபோது சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பல்புகளின் வெளிச்சத்தில் அவள் முகத்தைக் காணாதவர் எவருமில்லை. அவள் நேரே போய்த் தியாகராசாவின் முன்னால் நின்றாள்.

"பாஸைக் கூப்பிட்டனீங்களாம். நான்தான். அண்ணை சொன்னதிலை பெரிய பிழை ஒண்டுதான். செத்தது பெண்சாதி இல்லை, புருசன்."

தியாகராசா சால்வையைப் பார்த்தார். வெள்ளைச் சீலையைப் பார்த்தார். சபையில் சொன்ன சொல்லை மாற்றவும் முடியாது, தாலியறுத்தவளின் தோளில் சால்வை போடவும் முடியாது. பெரிய மனுசர்களுக்கு இப்படியான நேரத்தில் எப்படியோ ஒரு வழி தெரிந்துவிடுகிறது. திரும்பி, இப்படி ஒரு தங்கையை வளர்த்தெடுத்தவருக்குத்தான் மரியாதை சேர வேண்டும் என்று சொல்லி, சால்வையை ஆழ்வாப்பிள்ளைக்குப் போர்த்திவிட்டார். சபை கைதட்டியது. ஆழ்வாப்பிள்ளையும் கழுத்தைக் கொஞ்சம் குனித்துத்தான் கொடுத்தார்.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, மிசினடிக்குப் போகும்படி தங்கையிடம் சொன்னார்.

"மிசின் நல்லாய் ஓடுது அண்ணை. சத்தம் போடாதேங்கோ, தாலி ஏறப்போகுது."

நேரம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். மணவறையில் குனிந்திருந்த மகாதேவி ஒருமுறை நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையும் பார்த்தான். நன்றாக, நேருக்கு நேர் பார்த்தான். கெட்டிமேளம் முழங்கியது. நாகேஸ்வரி முன்வரிசையில், சம்பந்தியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலிக்கொடியின் திருகுச் சுரையைப் பூட்டுகிறபோது மாப்பிள்ளையின் கை கொஞ்சம் நடுங்கியது. அது எல்லா மாப்பிள்ளைமாருக்கும் நடுங்குவதுதான். அதைத் தவிர, கூடாத முகத்தில் முழித்த அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.