கூழைக்கடாவின் முதுகில் காற்று

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. டான்யூப் கடலில் கலக்கும் எங்கள் கழிமுகத்தில், கால்வாயின் எதிர்க்கரையிலிருந்து கேட்ட சிரிப்பு. சிரித்தவர் படகோட்டி நிகிஃபோர். எதைப் பார்த்துச் சிரித்தார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

'பனி விலகிய காலையில், நாணல்களுக்கு நடுவே கம்பீரமாக ஒரு கூழைக்கடா…'

பொய். அந்தக் கூழைக்கடா நின்றது மீன் இறக்கும் துறையில், பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு நடுவே, ஓசி மீனுக்காக. அதைப் படம் பிடித்தவன் ஃபிலாத். நாணல்களோ அவன் மனைவி அக்ஸீனியா பலகையில் தீட்டியவை. சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கந்தையால் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தீட்டுவாள். அவன் பலகையைப் படமெடுத்து, கணினியில் பறவையை வெட்டி அதன்மேல் வைப்பான். ஒட்டு வேலை என்பதை இருவரும் மறைப்பதில்லை. ஒட்டிய இடம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

2

நிகிஃபோர் அக்ஸீனியாவின் அண்ணன். (முதல் வரைவில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மிரட்ட வைத்த இடத்திலெல்லாம் மனிதர் மீன் சூப்பை நீட்டினார். விட்டுவிட்டேன்.) அவருடைய பயணிகள் படகின் அறையில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அந்தப் படகில் ஏறாதவர் இந்தக் கழிமுகத்தில் கிடையாது. அக்ஸீனியா தீட்டியதையோ வீட்டைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. அந்த ஆணியில் தங்கள் படம் தொங்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

"நம்புற மாதிரி இருந்தா மாட்டுறேன். இல்லேன்னா காலண்டர்தான்" என்றிருந்தார் அண்ணன்.

3

படத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகுதான் அந்தச் சிரிப்பு.

"ஏன் மாப்ளே, ஒன் பறவை பின்பக்கமா காத்து வாங்குதே, அதுக்கு வெக்கமா இல்லையா?"

"என்ன மச்சான் சொல்றீங்க? வெளிச்சம் பாருங்க, நெழல் பாருங்க, கச்சிதமா இருக்கு!"

"அதெல்லாம் சரி. நாணல் எந்தப் பக்கம் சாயுது? இடப்பக்கம். பறவை மூஞ்சி? அதுவும் இடப்பக்கம். காத்துக்கு முதுகக் காட்டிட்டு எந்தப் பறவைடா நிக்கும்? எறகெல்லாம் குடை கவுந்த மாதிரி ஆயிடும்!"

ஃபிலாத் குனிந்து படத்தை மறுபடி பார்த்தான். பலகையில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அதற்குப் பொருந்தட்டும் என்று, வலப்பக்கம் பார்த்த பறவையை இடப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். காற்றை மறந்துவிட்டான்.

"தண்ணிமேலயே பொறந்து வளந்தவன்தானே நீ?" என்று பிடித்துக்கொண்டாள் அக்ஸீனியா.

"நாணலச் சாச்சது யாரு? நீதானே!"

"நான் சாச்சப்போ ஒன் பறவை அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு!"

[இங்கே ஒரு பெரிய சண்டை எழுதியிருந்தேன். பாதியிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.]

4

பலகையைத் திருப்பினால் வெளிச்சம் கெடும். எனவே ஈரக் கந்தையால் நாணல்களை மட்டும் துடைத்து, எதிர்ப்பக்கம் சாய்த்துத் தீட்டினாள். ஃபிலாத் அதை மறுபடி படமெடுத்தான். ஒட்டு தெரியாமலிருக்கப் பறவைமேலும் படரவிட்டிருந்த பலகையின் சொரசொரப்பை, கணினியில் அதன் முகத்திலிருந்து நீக்கினான். கண் பளிச்சென்று வந்தது. காலடியில் கொஞ்சம் விட்டுவைத்தான். பாதம் சேற்றில் பதிந்தது.

(நானும் இதைத்தான் செய்கிறேன். அக்ஸீனியாவின் வாய்த்துடுக்கு வேறொருத்தியிடமிருந்து வெட்டி எடுத்தது. யாரென்று சொன்னால் இன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.)

5

முடிவு.

'நிகிஃபோர் கண்ணீர் மல்கத் தங்கையை அணைத்து…' அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

'காலண்டரை எடுத்து ஆணியில்…' அக்ஸீனியா என்னைத் தேடிப் படகேறி வந்துவிடுவாள்.

இப்படி வைத்துக்கொள்வோம். சன்னல் சாத்திய அறை, அடுப்பு கணகணவென்று எரிகிறது. புதுப் படத்தின் முன்னால் நிகிஃபோர் நிற்கிறார். மெதுவாகக் கை மேலே போகிறது. சட்டைக் காலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

அக்ஸீனியா வாயைப் பொத்திக்கொள்கிறாள். எழுதும் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

காலரை அவரே இழுத்தாரா, நான் ஒட்டினேனா என்று கேட்காதீர்கள். ஒட்டு தெரிந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். தெரியவில்லையென்றால், ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. படத்தை நீங்களே மாட்டிவிடுங்கள்.