கதினாக்களுக்குப் பக்கத்தில்

விஷக்காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தபோது ஸ்ரீகண்டனுக்கு இரண்டு காதும் போயிருந்தது. தாலுக்கா கச்சேரி உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஸ்ரீவராகத்தில் அண்ணா வெங்கடசுப்ரமணியன் வீட்டோடு இருந்தான். ஆரம்பத்தில் எல்லோரும் பொறுமையாகக் கையால் ஜாடை காட்டினார்கள். போகப்போக அலுத்துவிட்டது. சாப்பிடும்போது மன்னி விஜயம் ஏதோ சொல்வாள், பந்தியே சிரிக்கும். என்னவென்று இவன் கேட்டால், ஒன்றுமில்லை என்று அண்ணா கையை ஆட்டிவிடுவார். அதற்கப்புறம் இவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

அந்த மாசி மாதம் பகவதி கோயில் உற்சவத்துக்கு வீடே கிளம்பியது. இவனும் போனான். வளையல் கடைகளிலும் பொரிகடலைக் கடைகளிலும் கூட்டம் நெரிந்தது. தீவெட்டி வெளிச்சத்தில் நெற்றிப்பட்டம் மினுங்க ஏழு யானைகள் அசைந்து வந்தன. முதுகில் நின்றவர்கள் வெண்சாமரம் வீசினார்கள். செண்டைக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க அடித்துக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு அது யாரோ ஒருவரை ஆள்கூட்டி அடிப்பதுபோல இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒரே தாளத்துக்குக் கை வீசி ஆடினார்கள். இவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் நெஞ்சில் ஏதோ மோதியது. உள்ளேயிருந்து யாரோ தட்டியதுபோல. திரும்பிப் பார்த்தான். கோயிலுக்கு வெளியே, அறுப்பு முடிந்த வயலில் புகை எழுந்தது. வெடிவழிபாட்டுக்கு இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து வைத்திருக்கும் கதினாவைக் கொளுத்தியிருந்தார்கள். மறுபடி ஒன்று. மறுபடி நெஞ்சில் அதே தட்டல்.

யாரிடமும் சொல்லாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தான். கட்டியிருந்த கயிற்றுக்கடியில் குனிந்து நுழைந்தான். மேலே அமிட்டு வாணங்கள் பச்சையும் சிவப்புமாக விரிந்து உதிர்ந்தன. ஒவ்வொன்றும் விலாவெலும்பில் வந்து இறங்கியது. கிட்டப் போகப்போக அது பலத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உலகம் அவனைத் தொட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இன்னும் கிட்டப் போனான்.

திடீரென்று ஒரு முரட்டுக் கை அவனைப் பிடித்து இழுத்து வரப்புக்குப் பின்னால் தள்ளியது. அடுத்த நொடி கதினா வரிசை முழுவதும் வெடித்தது. அவன் நின்ற இடத்தில் நெருப்புப்பொறி கொட்டியது. இழுத்தவர் மருந்துக்கரி அப்பிய முகத்தோடு கத்துவது தெரிந்தது.

"எனக்குக் காது கேக்காது. நீங்க எவ்வளவு கத்தினாலும் பிரயோஜனமில்லே" என்றான் ஸ்ரீகண்டன்.

வெடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தன் இடது காதைத் தொட்டுக் கையை விரித்தார்: போய்விட்டது. வலது காதைத் தொட்டு, கட்டைவிரலில் ஒரு துளியளவு காட்டினார்: இவ்வளவுதான் மிச்சம். தொழில் கொண்டுபோனது என்று கதினாவைச் சுட்டினார். அப்புறம் நெஞ்சில் கை வைத்து, உதடு நன்றாகத் தெரியும்படி மூன்று தரம் தம் பெயரைச் சொன்னார். ஞானையன். மூன்றாம் தரம் இவன் திருப்பிச் சொன்னதும் தலையாட்டிச் சிரித்தார். இவனும் தன் பெயரைச் சொன்னான்.

அவர் காட்டிய வரப்பிலேயே உட்கார்ந்தான். ஈரமண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். ஒவ்வொரு வெடிக்கும் முன் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மண்ணும் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தன. எல்லாம் முடிந்ததும் ஞானையன் கதினாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த ஊர் உற்சவத்துக்குப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் அண்ணா கவலையோடு நின்றிருந்தார்.

"அண்ணா, இன்னிக்கு எனக்குச் சத்தம் கேட்டுது" என்றான்.

அண்ணாவின் முகம் மலர்ந்தது. மன்னியைக் கூப்பிட்டார். இவனை விளக்குக்கு எதிரே நிறுத்திவிட்டுப் பின்னால் போனார். சுவரில் அவருடைய நிழல் கைதட்டியது. மறுபடி தட்டியது. இவன் காதில் ஒன்றும் விழவில்லை.

அண்ணா முன்னால் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"காதாலே இல்லேண்ணா, நெஞ்சாலே..." என்று தொடங்கினான்.

அண்ணா அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். மன்னி இலை போட்டுப் பரிமாறினாள். மற்றவர்கள் முன்பே சாப்பிட்டிருந்தார்கள். ஸ்ரீகண்டன் தனியாக உட்கார்ந்து, வெடிமருந்து வாசனை போகாத கையால் சாதத்தைப் பிசைந்தான்.