வேலிக்கு வெளியே ஊறும் பால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. தானா ராத்தா என்ற மலையூரில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளைக்கு மாவுப்பால் நல்லதா தாய்ப்பால் நல்லதா என்று என் நாத்தனாரும் என் தோழியும் மல்லுக்கட்டினார்கள். கொடுக்க வேண்டியவள் நான். என்னை ஒருத்தியும் கேட்கவில்லை. நான் இரண்டையும்தான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே புகுந்து, "வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்துல பால்டின்ன ஓட்ட போட்டுத்தான் வித்தாங்க, தெரியுமா?" என்றார். சண்டை நின்றுவிட்டது. எனக்குக் கதை பிடித்துக்கொண்டது.

இப்போது பிள்ளை மடியில், பேனா வலக்கையில். வாக்கியம் பாதியில் நின்றால் என்னைத் திட்டாதீர்கள், அவனைத் திட்டுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "பனி போர்த்திய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்…" வேண்டாம். ஹோட்டல்காரன் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "தாய்ப்பாலில் அடங்கியுள்ள சத்துகளாவன…" கிளினிக் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, அங்கே போய்ப் படியுங்கள்.

தொடக்கம் மூன்று: "ருக்குமணிக்கு மார்பு கல்லாய்க் கனத்தது." ஆங், இவள்தான். வாடியம்மா, உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

3

ருக்குமணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஐம்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. கடையில் பால்டின் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத் தருவார், யாரும் பதுக்கி வைக்காமலிருக்க.

வேலி வருவதற்கு முன்னால், பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் தாய்மார்கள் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, லயத்து ஆயா கொட்டாயில் விட்டிருந்த பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இப்போது காலையில் பூட்டிய கேட் சாயங்காலம்தான் திறக்கும். தோட்டத்துத் துரை இரக்கப்பட்டு, கொட்டாய்க்கு இனிப்புப் பால்டின் அனுப்பிவைத்தார். ஓட்டை போட்ட டின். மூடினாலும் எறும்பு, மூடாவிட்டால் ஈ. எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டுமே என்று தங்கம்மா ஆயா தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கலக்கினாள். வெந்நீர் போட விறகு கிடைத்த நாளில் வெந்நீர், கிடைக்காத நாளில் மலையிலிருந்து பீலியில் வழியும் பச்சைத் தண்ணீர்.

ருக்குமணியின் ஐந்து மாதப் பெண்ணுக்கு வயிறு போக ஆரம்பித்தது. தங்கம்மா ஆயா, கொழுந்து நிறுக்கும் தராசிலேயே பிள்ளையைக் கூடையோடு தொங்கவிட்டுப் பார்ப்பாள்.

"ருக்கு, போன வாரம் முள்ளு இங்க நின்னுச்சு. இப்ப பாரு, ஏறாம எறங்குது."

ருக்குமணி பார்த்தாள். ஏற்கெனவே அவள் ஒரு பிள்ளையை, இதே வயசில், இதே வயிற்றுப்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். என் மடியில் இருப்பவனைச் சாக்காகச் சொல்லவில்லை. எழுத முடியவில்லை.)

4

இந்த இடத்தில் ஒரு நீதியை ஆணி அடித்து மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்: டின் பால் கெட்டது, தாய்ப்பால் நல்லது, சுபம். ஜெயா வந்து கெடுத்தாள்.

ஜெயாவுக்குப் பிள்ளை பிறந்ததும் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. துரைசாணி தன் பிள்ளைக்கு வாங்கும் மாவுப்பாலில் அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தாள். கொதித்த தண்ணீர், கழுவிய பாட்டில், சரியான அளவு. அந்தப் பையன் சுரைக்காய் மாதிரி இருக்கிறான்.

"என்னய எதுக்குக் கதைலருந்து தூக்கப் பாக்குற?" என்கிறாள் ஜெயா. "எம்மவன் டின்னு மாவுலதான் வளந்தான். எழுதுலா, என்ன வெக்கம்?"

எழுதிவிட்டேன். மாவுப்பால் வேறு, எறும்பு மிதக்கும் இனிப்புப் பால் வேறு. முன்னதை ஒழுங்காகக் கலக்கிக் கொடுத்தால் பிள்ளை வளரும். தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் சக்தியும் சேர்ந்து போகிறது. தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் அது எவ்வளவு பெரிய துணை என்று ருக்குமணிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (நாத்தனாரே, தோழியே, இருவருக்கும் பாதிப் பாதி. இனி காப்பி குடியுங்கள்.)

5

அன்று காலை பிள்ளை சோர்ந்து கிடந்தது, மார்பைத் தொடவே இல்லை. ருக்குமணி கனத்த மார்போடு கேட்டில் வரிசையில் நின்றாள். பெண்களைச் சோதிக்க ரொஹானா என்ற பெண் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். தானா ராத்தா சாப்பாட்டுக் கடைக்காரர் முகம்மது கனியின் மகள், கல்யாணம் ஆகாதவள், கடமையில் கறார்.

(முதல் வரைவில் இந்த வேலை ஸுல்கிஃப்லி என்ற போலீஸ்காரனுடையது. பெண்களை ஆண் தொட்டுச் சோதிப்பதா என்று நானே வெட்கப்பட்டு அவனைக் கேட்டுப் பூட்டுக்குக் காவலாக மாற்றிவிட்டேன். அங்கே நின்று என்னை முறைக்கிறான்.)

ரொஹானாவின் கை ருக்குமணியின் ரவிக்கையில் பட்டது. ஈரம். விரலை மோந்தாள்.

"சூசு, பாலு," என்று கத்தினாள். "இந்தக்கா பால் கடத்துறாங்க. டின்ன உள்ள வச்சிருக்காங்க, ஓட்ட டின்னுலா, ஒழுகுது."

வரிசை அப்படியே குலுங்கியது. ஜெயா கூடையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ருக்குமணிக்கு முதலில் மானம் போனது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா தங்கச்சி. ஒண்ணு இல்ல, ரெண்டு டின்னு."

"வெளிய கொண்டு போகக்கூடாதுன்னு தெரியாதாக்கா?"

"இத்தன நாளாத் தெரியாமக் கொண்டு போயிட்டேன். இப்பத்தான் நீ சொல்லிட்டியே. உள்ளயே எறக்கி வச்சிட்டு வந்துடுறேன்."

ரொஹானாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. காது வரைக்கும் சிவந்தாள். ஆனால் ஊர் கேட்கக் கத்திவிட்டாளே, திரும்ப எடுக்க முடியுமா? அதற்குள் பின்னால் நின்ற தாய்மார்கள் "எங்கிட்டயும் இருக்கு" என்று ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். பால் மறந்து பல வருஷமான மணியம்மாகூடத் தூக்கினாள். மலைக்கு ஒரு கூடையும் போகவில்லை.

6

துரை மோட்டாரில் வந்து இறங்கினார். சிரிப்பு நின்றது. ருக்குமணி வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். பேரை வெட்டினால் வேலையோடு வீடும் போகும்.

"என்னா கலாட்டா? கொழுந்து யார் எடுப்பான்?"

"தொரை, சாப்பாட்டுச் சாமான் கேட்டுக்கு வெளிய இருக்கக்கூடாதுன்னு ஆர்டரு. இப்ப எறக்கி வச்சிட்டுப் போனாலும் பத்து மணிக்கு மலைல மறுபடி ஊறிடும். அந்நேரம் கேட்டத் தொறந்தா நாங்களே கொண்டாந்து உள்ள சேத்துடுறோம்."

துரையின் மீசை ஒருமுறை ஆடியது. "பால்டின் குடுத்தேனே?"

"குடுத்தீங்க. எம்மவளுக்கு ஒத்துக்கல. அவ கரைஞ்சிக்கிட்டே போறா தொரை. எனக்குப் பயமா இருக்கு."

துரை தொப்பியைக் கழற்றினார். "கேட் என் கையில் இல்லே. ராணுவத்து ஆர்டர். பகல்லே திறக்க முடியாது."

7

முடிவு ஒன்று: துரை மனமிரங்கிக் கேட்டைத் திறந்தார், எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். நாத்தனார் படித்துவிட்டு "அருமை" என்றாள். உடனே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ருக்குமணியின் பேர் வெட்டப்பட்டது. இதை எழுதத் தொடங்கியதும் ருக்குமணி காகிதத்திலிருந்து நிமிர்ந்து, "ஏம்மா, ஒம்புள்ளைக்குக் குடுத்துட்டுத்தானே எழுதுற?" என்றாள். அதையும் அடித்தேன்.

முடிவு மூன்றை ரொஹானா சொன்னாள், என்னைக் கேட்காமலே. "தொரை, சாப்பாடு வெளிய போகக்கூடாதுன்னுதானே ஆர்டரு? உள்ள வரக்கூடாதுன்னு இல்லியே."

துரை தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

பத்து மணி. ருக்குமணி மலையிலிருந்து ஓடிவந்து வேலிக்கு வெளியே மண்டியிடுகிறாள். உள்ளே தங்கம்மா ஆயா பிள்ளையை நீட்டுகிறாள். நடுவில் முள்கம்பி. பிள்ளைக்கு வாசனை தெரிந்துவிட்டது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடுகிறது. ரொஹானா முக்காட்டைக் கையில் சுற்றி மேல்கம்பியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஸுல்கிஃப்லி காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கீழ்க்கம்பியை அழுத்திப் பிடிக்க ஆளில்லை.

பிள்ளை தேறினாளா, தராசு முள் ஏறியதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ஒரு கைதான் ஒழிந்திருக்கிறது, அதிலும் பேனா. உங்களுக்கு இரண்டு கை இருக்கிறது. வாருங்கள், இப்படி உட்காருங்கள். முள் குத்தத்தான் செய்யும். அவள் குடித்து முடிக்கும்வரை கீழ்க்கம்பியை விட்டுவிடாதீர்கள்.