வளரும் பிள்ளைக்கு எடுத்த கூண்டு

நான் நாய்க்கு எதிரி இல்லை. என் மாடிப்படிக்கு நாய் எதிரி, அவ்வளவுதான். விடியற்காலைத் தொழுகைக்கு இறங்கும்போது கீழ்ப்படியில் ஈரத்தை மிதித்தால், திரும்ப ஏறிக் காலைக் கழுவி, கைலி மாற்றி, மறுபடி இறங்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று நாள் அப்படி ஆனது. எனக்கு வயது அறுபத்து நான்கு. முழங்காலுக்கு அதைவிடக் கூட இருக்கும்.

என் கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஸ்டான்லி சரக்கு ரயில் ஓட்டுகிறார். திண்டுக்கல் ஜங்ஷனில் வண்டி ஏறினால் திரும்பி வர மூன்று நாள்கூட ஆகும். அந்த நாட்களில் அவர் மனைவி அன்புக்கரசி தனியாக இருப்பார். போன மாதம் யாரோ பின்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை. அதற்காக எரியோட்டில் ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். பிரவுனி என்று பெயர். காவலுக்கு வந்த அது மிக்ஸி சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா," என்றேன். "அன்னைக்கும் படி நனைஞ்சு கெடந்தா எரியோட்டுக்கே அனுப்பிருங்க."

"சரிங்க பாய்," என்றார். முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளே ஸ்டான்லி வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பிக்கூண்டு செய்துவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். செல்போனில் பார்த்த முறையாம். தான் படுக்கிற இடத்தைக் குட்டி அசுத்தம் செய்யாது. அதனால் கூண்டுக்குள் அடக்கிக்கொண்டிருக்கும். நேரத்துக்கு நேரம் திறந்து தெருமுனை வேப்பமரத்துக்குக் கொண்டுபோனால் இடம் பழகிவிடும். இதைச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் போய்விட்டார். அன்புக்கரசி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குட்டி வேப்பமரத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, திரும்பிவந்து கூண்டுக்குள் நிம்மதியாக ஒன்றுக்குப் போனது. திறந்ததும் நனைந்த காலோடு என் படியில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை செருப்பு மாட்டும்போதுதான் கூண்டைச் சரியாகப் பார்த்தேன். கன்றுக்குட்டியை அடைக்கலாம், அம்புட்டுப் பெரிசு. இந்தக் கோடியில் சாக்கு விரித்துக் குட்டி படுத்திருந்தது. அந்தக் கோடியில் ஈரம். படுக்கையறை தனி, கழிப்பறை தனி என்று வசதியாக இருந்தது.

எனக்குப் பள்ளிச் சீருடைக் கடை. நாற்பது வருஷமாக, "வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்சு கூட எடுங்க" என்று சொல்லித்தான் பிழைக்கிறேன். ஸ்டான்லியும் வளர்ந்த நாய்க்கு அளவு கொடுத்துவிட்டார். ஆனால் பெரிதாக எடுத்த பாவாடையை யாரும் அப்படியே போட்டு அனுப்புவதில்லை. உள்ளே மடித்துத் தைத்து, வளர வளரப் பிரித்துவிடுவார்கள்.

காரணம் தெரிந்தும் நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை நாய் போய்விடும்.

புதன்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது அன்புக்கரசி கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீயும் போயிட்டா நான் எப்படித் தனியா கெடப்பேன்," என்று குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"பலகை ஏதும் இருக்காம்மா? பாதியில செருகி அடைங்க. அது படுத்துத் திரும்ப எடம் இருந்தாப் போதும். வளர வளரத் தள்ளி வச்சுக்கலாம்."

அவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது பாய்?"

செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறிவிட்டேன்.

வியாழக்கிழமை படி காய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை இறங்கும்போது குட்டி கூண்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அலாரம் அடித்து ஓய்ந்தது. ஒரு வாரம் தூங்காத பெண் அசந்துவிட்டார் போல. இரண்டு முறை கதவைத் தட்டினேன். எழவில்லை. குட்டி முனகியது. அடக்கிக்கொண்டு நிற்கிற அவஸ்தை என் வயதுக்காரனுக்கு நன்றாகவே தெரியும். கூண்டின் கொண்டியைக் கால் விரலால் தள்ளிவிட்டேன்.

பாய்ந்து வாசலுக்கு ஓடியது. வாசல் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குட்டி கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பி வந்து கீழ்ப்படியில் காலை அகட்டிவிட்டது. பிறகு தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வாளியை எடுத்தேன். ஒரு படியை மட்டும் கழுவினால் தெரிந்துவிடும் என்று பதினோரு படியையும் மேலிருந்து கழுவினேன்.

"என்னங்க, தொழுகைக்குப் போகலையா?" என்று மேலிருந்து என் மனைவி நர்கீஸ் கேட்டாள்.

"செத்த நேரத்துல போறேன்."

அன்று பள்ளிவாசலில் கூட்டாகத் தொழும் ஜமாஅத் தவறிவிட்டது. வாளியைக் கவிழ்க்கும்போது அன்புக்கரசி பதறியடித்து வெளியே வந்தார். ஈரப் படியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், படி..."

"நான்தான் கழுவினேன். வெள்ளிக்கிழமையில்ல."

"அப்ப குட்டி?"

"கூண்டைப் பாருங்க, காஞ்சு கெடக்கு. ராத்திரி பூராம் அடக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இங்கனயே இருக்கட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினேன்.

"இனிமே வாசக்கதவை முதல்ல தொறந்து வச்சுட்டு, அப்புறம் கூண்டைத் தொறங்கம்மா."

அவர் நனைந்திருந்த என் கைலியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.